ஏழாவது கேள்வி

இரண்டாம் வகுப்பின் கடைசி வரிசையில், குழந்தைகளுக்கென்று செய்த நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொடும்படி உட்கார்ந்திருக்கிறார் சித்தி. முன்னால் பிள்ளைகள் அவருடைய தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யாருடைய தாளையும் அவர் எட்டிப் பார்ப்பதில்லை. மேசைகளுக்கு அடியில் ஆடும் கால்களைத்தான் பார்க்கிறார். கேள்வி புரிந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும், குழம்பினால் நின்றுவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நாலைந்து பேரின் கால்கள் ஒரே கேள்வியில் நின்றுவிட்டால், தன் கையிலுள்ள தாளில் அதைச் சுழித்துவிடுவார். "புள்ளைங்க மேல தப்பில்ல. நாமதான் கோணலா கேட்டிருக்கோம்."

பள்ளிகளுக்குத் தேர்வுத்தாள் தயாரித்து, திருத்தி, மதிப்பெண் அட்டை அச்சடித்துக் கொடுக்கும் சிறிய கம்பெனி அவருடையது. காகிதக் கடைக்காரர் முதல் தலைமையாசிரியைகள் வரை எல்லோருக்கும் அவர் சித்திதான். அந்த உறவுமுறை வந்த வழி இதுதான்: அவருடைய அக்கா மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது, இவளுக்குப் படிப்பு ஏறாது என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். வேறொரு பள்ளியில் ஆசிரியையாக இருந்த சித்தி, அந்தக் கேள்வித்தாளை வாங்கி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தார். பெண் சட்சட்டென்று பதில் சொன்னது. அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தானே கேள்விகள் எழுத ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எழுதிப் பார்த்தார்கள்; அக்கா மகளைப் பார்த்து அவர்களும் சித்தி என்றே கூப்பிட்டார்கள். ஒரு தலைமையாசிரியை கேட்டு வாங்கிப் போனார், பிறகு இன்னொருவர். வேலையை விட்டுவிட்டார் சித்தி. மேசை முழுக்கத் தாள்கள் அடைத்துக்கொண்டதால், வெகுகாலம் அந்த வீட்டில் எல்லோரும் தரையில்தான் சாப்பிட்டார்கள்.

இப்போது கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. தாள்களில் லேசாக ரப்பர் வாசனை அடிக்கும். நிர்வாகம் முழுவதும் அதே அக்கா மகள் கையில். "படிப்பு ஏறாதுன்னு சொன்ன பொண்ணுதான் இப்ப எனக்குச் சம்பளம் போடுது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சித்தி சொல்லாமல் விடமாட்டார்.

தேர்வுத்தாளுக்குப் படங்கள் போடுவது சித்தியின் கணவர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். எழுத்து கோத்த மணிபோல் வரும். மிருகங்கள்தான் கைக்கு அடங்காது. ஒரு தடவை அவர் வரைந்த மாட்டைப் பார்த்து வகுப்பே 'நாய்' என்று எழுதிவைத்தது. சித்தி எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, "அத்தனை புள்ளைங்களும் சேர்ந்து பொய் சொல்லாதுங்க" என்றார்.

போன வருடம், அவர்களிடம் தாள் வாங்கும் பள்ளிகளிலேயே பெரிய பள்ளிக்கு விடைத்தாள்கள் திருத்தி முடித்து, அட்டைகளும் அச்சாகிவிட்டிருந்தன. திருத்திய தாள்களைக் கடைசியாக ஒருமுறை புரட்டுவது சித்தியின் வழக்கம். ஏழாவது கேள்வி இது: 'அம்மா திங்கட்கிழமை ஊருக்குப் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பினார். எந்தக் கிழமை திரும்பினார்?' ஒரு சிறுமி 'வரல' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் தப்புக் குறி. மற்ற எல்லாமே சரி.

சித்தி வகுப்பாசிரியைக்குப் போன் போட்டார். அந்தச் சிறுமியின் அம்மா வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்கில் ஆகிறது என்றும், அத்தைதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள் என்றும் ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஒருத்திக்கு மட்டும் மதிப்பெண் போட முடியாது. தேர்வு என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தக் கேள்வியையே எல்லோருக்கும் நீக்கிவிட்டு, அட்டைகளைப் புதிதாக அச்சடிக்கச் சொன்னார். அக்கா மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்குப் பள்ளியில் கொடுத்தாக வேண்டும், தாமதமானால் அவர்கள் கைகழுவிவிடுவார்கள் என்று வாதாடினாள்.

"ஒரே ஒரு குழந்தை, சித்தி. மத்தவங்க எல்லாம் ஒழுங்காத்தானே எழுதியிருக்காங்க?"

"மத்தவங்களுக்கு அது கணக்கு. அவளுக்கு அது கணக்கு இல்லடி."

அவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் அறையிலிருந்து அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

அட்டைகள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. சரியாக எழுதிய தன் மகனின் மதிப்பெண் எங்கே போயிற்று என்று ஒரு தகப்பன் மாடியேறி வந்து சத்தம் போட்டார். காரணத்தைச் சொன்னால் அந்தச் சிறுமியின் வீட்டுக் கதை வெளியே வந்துவிடும். உங்கள் பையன் எழுதியது சரிதான் என்று மட்டும் சொல்லிவிட்டு, சித்தி அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டார். இந்த வருடம் அந்தப் பள்ளி வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. வாடகை கட்டுப்படியாகாமல் ஓர் அறையைக் காலி செய்தார்கள். சித்தியின் மேசையும் அக்கா மகளின் மேசையும் இப்போது ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

ஏழாவது கேள்வியை மட்டும் சித்தி விடவில்லை. கிழமை எண்ணத் தெரிய வேண்டுமே. யார் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் எந்தப் பிள்ளைக்கும் வலிக்காது என்று மூவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அப்பா என்றாள் அக்கா மகள். சொன்ன வேகத்தில் அவளே வேண்டாம் என்றாள். தாத்தா என்றாள்; சித்தி தலையாட்டி மறுத்தார். நாய்க்குட்டி என்று பேச்சு வந்ததும் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் வரைஞ்சா புள்ளைங்க மாடுன்னு எழுதும்."

கடைசியில், திங்கட்கிழமை ரிப்பேருக்குப் போன சைக்கிள் என்று முடிவாயிற்று.

கணவர் வரைந்து நீட்டினார். எந்தப் பிள்ளையும் ஐயமில்லாமல் சைக்கிள் என்று சொல்லிவிடும். பிரமாதம் என்றாள் அக்கா மகள். சித்தி தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு ஸ்டாண்டு வரைந்தார், சைக்கிள் விழுந்துவிடாமல்.