பத்து நிமிடத்தில் அறுபது நோட்டீஸ்: அரியலூர் போய்வந்தது

எண்பத்தாறாம் வருடப் பங்குனியில் நான் போன இந்தப் பயணம் கோயிலுக்கு இல்லை. திருச்சியில் ஜெராக்ஸ் மிஷின் விற்கும் கடையில் எனக்கு வேலை. ஆபீஸ் ஆபீஸாகப் போய் மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். விரும்பித்தான் செய்தேன். ஒரு பட்டா நகலுக்காக ஒன்பது மாதம் தாலுகா ஆபீசுக்கு நடந்தவர் என் அப்பா. காகிதம் மெதுவாக நகர்ந்தால் நசுங்குகிறவன் ஏழைதான் என்று நம்பினேன்.

காலை 6.15 பஸ். பெரம்பலூருக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய், மேலே ஏற்றிய மரப்பெட்டிக்குத் தனியாக மூன்று. அங்கே நான் போன மண்டியில் கரண்ட் இல்லை. "ஃபேனே சுத்த மாட்டேங்குது, ஒங்க மிஷினா சுத்தப்போவுது?" என்று முதலாளி சிரித்து அனுப்பிவிட்டார். 9.40க்கு அரியலூர் பஸ். முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் தோண்டும் ஒரு கம்பெனியின் ஆபீஸ். மேனேஜர் உட்பட ஆறு பேர் மிஷினைச் சுற்றி நின்றார்கள். டைப்பிஸ்ட் மேரி, ஏலாக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவர் மேஜையில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒரு காகிதக் கட்டை உருவினேன்.

"அது அவசரமில்லீங்க சார். சம்பளப் பட்டியல் இருக்கு, அதைப் போட்டுக் காட்டுங்களேன்."

"ஏன் மேடம், வேலை போயிடும்னு பயமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேரி சிரிக்கவில்லை.

அறுபது பேருக்கு அவர் டைப் அடிக்க வேண்டிய ஏதோ நோட்டீஸின் மாதிரி மேலே இருந்தது. அறுபது பிரதி, பத்து நிமிடம். சாப்பாட்டுக்கு முன்பே குமாஸ்தா பெயர்களை எழுதி, மேனேஜர் கையெழுத்தும் போட்டுவிட்டார். "இன்னைக்கே குடுத்துடுவோம். நீயும் போயிட்டு வா தம்பி, ஒன் மிஷின் வேகத்த நீயே பாரு" என்றார்.

உடையார்பாளையம் சாலையில் பதினான்கு கிலோமீட்டர் ஜீப். போகும்போதுதான் நோட்டீஸைப் படித்தேன். அதுவரை கறுப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருந்தேன். கம்பெனி வாங்கிப்போட்ட நிலத்தில் பயிர் செய்கிறவர்கள், நோட்டீஸ் கிடைத்த ஏழாம் நாள் காலி செய்ய வேண்டும்.

"பயிர் நிக்குமே, பாய்?" என்று டிரைவர் காசிமிடம் கேட்டேன்.

"நிக்கும். அதான் மேரி இழுத்துக்கிட்டிருந்துச்சு. வருசா வருசம் புதுசா வாங்குற நெலத்துக்கு நோட்டீசு உண்டு, ஆனா கடலை வூட்டுக்கு வந்தப்புறந்தான் டைப்பாவும். டைப் மெஷின் ரிப்பேருன்னு சொல்லும், மேனேஜரும் நம்பிடுவாரு. இந்த வருசம் நீங்க வந்துட்டீங்க."

முதல் வயலில் செல்லம்மா என்ற பெண் மண்ணான கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டீஸை வாங்கினாள். காசிம் படித்துச் சொன்னார். அவள் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே முற்றாத இளம் பருப்பு.

"இன்னும் பதினஞ்சு நாளு வேணும் சார். கெணத்துத் தண்ணி எறச்சு வளத்தது. மேரிப் பொண்ணு லீவா?"

நான் அடுத்த நோட்டீஸை எடுத்தேன். மீதி ஐம்பத்தொன்பதையும் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம்.

மாலையில் மேனேஜரிடம் பதினைந்து நாள் தள்ளிப்போடக் கேட்டேன். "தேதி போட்டுக் கைநாட்டு வச்சு வாங்கிக்கிட்டாங்களே தம்பி. நீதானே வேகம் வேகம்னே?" என்றவர், அதே பேனாவால் மிஷினுக்கு ஆர்டர் எழுதித் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் மிஷினோடு போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் வோல்டேஜ் இறங்கிவிடும். பெட்டிக்கு அடியில் வைக்கோல் போடுங்கள். ஓட்டிக் காட்டத் தாளை உங்கள் பையிலிருந்தே எடுங்கள். டைப் அடிக்கிறவர் ஒரு கட்டை வேண்டாம் என்றால் அதில் கை வைக்காதீர்கள்.

ஒன்பதாம் நாள் மிஷினைப் பொருத்தப் போனேன். காசிம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பிஞ்சோடு பிடுங்கிய கடலைச் செடிகளைச் சாலையோரம் குவித்து மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். ஆபீசில், எந்த பிளக்கில் கரண்ட் நிற்கும் என்று மேரிதான் காட்டினார். மன்னிப்புக் கேட்க அரை மணி நேரம் இருந்தது. டோனர் மைப்பொடி மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.