ஓம் சொன்னது யாருக்கு?

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவேன். கோயிலுக்குப் போனாலும் மனைவியை வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருக்கிற ஆள். டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் கார் திருத்துவது என் தொழில், இரும்பையும் வயரையும் தவிர வேறொன்றையும் நான் நம்பியதில்லை. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள்.

மனைவியின் தம்பி குகனும் நானும் ஒரு பழைய ஜீப்பைப் பிரித்துப் பூட்டி, சகாராவில் நடக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனோம். நான் ஓட்டுவேன், அவன் பக்கத்தில் இருந்து வழிப்புத்தகத்தைப் பார்த்துத் திசை சொல்வான். தலைக்கவச மைக்கில் அவன் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நான் "ஓம்" சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பச் சொல்வான். புறப்படும்போது மனைவி, "எனக்கு வெற்றிக் கப் ஒண்டும் வேண்டாம், என்ரை தம்பியைப் பத்திரமாக் கொண்டுவந்து சேருங்கோ" என்றாள். அவளுக்கும் ஓம் என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம் மணற்காற்று பிடித்தது. முன்னால் போன வண்டிகளின் தடம் அழிந்துபோயிற்று, வழி தப்பினால் காற்று அடங்கும்வரை யாரும் தேடி வரவும் முடியாது. ஆனால் குகனின் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "இடக்கைப் பக்கம். மேடு வருது, மெதுவா. இனி நேர." ஓம், ஓம் என்று சொல்லிச் சொல்லி ஓட்டினேன். வாய்க்கு வாய் அத்தான் போடுகிறவன் அன்றைக்கு ஒருமுறைகூட அத்தான் என்று சொல்லவில்லை, அந்த அவசரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. ஒருதரம் திரும்பிப் பார்த்தேன், தலை குனிந்திருந்தது, புத்தகம் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

அன்றைய முடிவுக்கோட்டில் அவனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். வெகுநேரமாக நினைவில்லாமல் இருந்திருக்கிறான் என்றார் டாக்டர். வழிப்புத்தகம் காலையில் பார்த்த பக்கத்திலேயே இருந்தது, அவனுடைய மைக் வயர் கழன்று காலடியில் கிடந்தது, தண்ணீர்ப் பை வைத்தபடியே நிரம்பியிருந்தது. கந்தசஷ்டி விரதமாம், ஜீப் முழுத்தூரமும் ஓடி முடிக்க வேண்டும் என்று நேர்த்திக்கடனாம், பாலைவனத்தில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் இருந்திருக்கிறான் விசரன். எனக்குச் சொன்னால் ஏசுவேன் என்று மறைத்துவிட்டான்.

சேலைன் ஏறி முடிந்து கண் விழித்தவன் மெல்லக் கேட்டான். "வயர் கழண்ட உடனை கத்தினன், உங்களுக்குக் கேக்கேல்லை. எடுத்துப் பூட்டக் கை வரேல்லை. கண் இருட்டேக்கை பாத்தன், நீங்கள் தலையை ஆட்டி ஆட்டி ஓம் எண்டுறியள். அத்தான், ஆருக்கு ஓம் சொன்னியள்?"

நான் தாதியைக் கூப்பிடுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன். டென்மார்க்குக்குத் திரும்பி வந்தபிறகும் நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் அன்றிலிருந்து காரில் பக்கத்தில் இருப்பவர் வழி சொன்னால், வாய் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் பதில் சொல்வேன். மனைவி என்னைப் பகிடி பண்ணுவாள்.

போன கிழமை எஸ்பியர்க்கில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு, பட்டப்பகலில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மழை தூறியது. "இடக்கைப் பக்கம், மெதுவா" என்று மனைவியின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், கண்ணாடியில் தலை சாய்த்து நல்ல நித்திரை. ஆனால் அதற்குள் நான் ஓம் சொல்லிவிட்டேன்.