கொரியப் பாட்டில் ஒரு குரல்

என் கடைசி மகள் கொரியாவில் பாட்டுகள் செய்து கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். போய் இது மூன்றாவது குளிர்காலம். நான் விட்பி என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இதையும் எழுத்துக் கூட்டி, ஆறுதலாகத்தான் எழுதுகிறன். ஆனால் பாட்டுக் கேட்கிற காது எனக்கு உண்டு. அதில் ஒருவருக்கும் நான் குறைந்தவள் இல்லை.

ஒருநாள் மகள் ரெலிபோனில் சொன்னாள்: "அம்மா, நான் வேலை செய்த பாட்டொண்டு வருது. அஞ்சு இளம் பெட்டையள் சேர்ந்து பாடுற பாட்டு. நானும் அதில பாடினனான்."

கடைசியாகச் சொன்னதுதான் என் நெஞ்சில் நின்றது. அவள் பாடிக் கேட்டு எத்தனை காலம்! முன்பு மோர்னிங்சைட்டில் குடியிருந்த நாளில், சனிக்கிழமைகளில் பனிக்குள்ளாலே பஸ் பிடித்துச் சங்கீத வகுப்புக்குக் கூட்டிப் போனன். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பார்க்கிற நேரம், "எனக்கு உது வேண்டாம்" என்றுவிட்டாள். அதற்குப் பிறகு பேஸ்மென்டில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து மேளச் சத்தங்களை வெட்டி ஒட்டினாள். வாய் திறந்து ஒரு வரி பாடவில்லை.

றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னன், என் மகள் கொரியாவில் பாடியிருக்கிறாள் என்று.

"அரங்கேற்றம் செய்யாமலே அங்கை போய்ப் பாடிப்போட்டாளோ?" என்று ஒரு அக்கா சிரித்தா.

"ஓம் அக்கா, இஞ்சத்தை மண்டபங்கள் அவளுக்குக் காணாது, எல்லாம் சின்னன்" என்றன்.

பாட்டு வந்த அன்று மகன் அதைப் பெரிய டீவியில் போட்டான். தொடக்கத்தில் இங்கத்தைப் பெடியள் காரை அதிர வைத்துக் கேட்டுக்கொண்டு போகிற பாட்டு மாதிரி வேகப் பேச்சு. திடீரென்று மேளம் அடங்கி, தேவாலயத்தில் கூட்டமாகப் பாடுகிற மாதிரி ஒரு இழுவை. பிறகு கலியாண வீட்டு டீஜேயின் குத்து.

"இது ஒரு பாட்டோ, மூண்டு பாட்டோ?"

"அவையின்ரை பாட்டு அப்பிடித்தான் அம்மா. எல்லா நாட்டுப் பாட்டையும் ஒண்டாப் போட்டுக் கிண்டுவினம்."

நான் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தன். நடுவில் வேகம் குறைந்த மாதிரிக் காட்டுகிறார்கள். தாளம் அதேதான், என் கையை மாற்ற வேண்டி வரவில்லை. ஆனால் மகளின் குரலை மட்டும் காணவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னன். எங்கும் அந்த ஐந்து பெட்டையள்தான்.

அன்று பின்னேரம் மகளைக் கூப்பிட்டன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. "உன்ரை குரல் எங்கை பிள்ளை?"

"அய்யோ அம்மா! அந்தப் பிள்ளையள் கேட்டுப் பழகிறதுக்கு நான் முதல் பாடிக் குடுத்தது. பிறகு அவை பாடினவுடனை என்ரையை எடுத்தாச்சு."

"அழிச்சுப் போட்டினமோ?"

"முழுக்க இல்லை. நடுவிலை பின்னாலை கனக்கக் குரல் அடுக்கிக் கிடக்கு. அதுக்குள்ளை நானும் கிடக்கிறன். ஒருத்தராலையும் கண்டுபிடிக்கேலாது."

"நான் உன்னைப் பெத்தனான்" என்று சொல்லி ரெலிபோனை வைத்தன்.

எல்லோரும் வேலைக்குப் போனபிறகு மகனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யன்னலடியில் இருந்தன். அந்த நடு இடத்தை மட்டும், நாள்கணக்காக. பின்னால் ஊ என்று நிற்கிற குரல்கள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக நின்றன. ஒரு நாள், இடப்பக்கக் காதில், ஒன்று மட்டும் நேரே வந்து நிற்காமல் கீழேயிருந்து இழைந்து ஏறி நின்றது. கண்மூடி முழிக்கிற நேரம்தான். சங்கீத வகுப்பில் அவள் பாடின அதே இழைப்பு.

அன்றிரவு மகளைத் திரும்பவும் கூப்பிட்டுச் சொன்னன்.

"அம்மா, இப்ப எல்லாரின்ரை குரலையும் கொம்பியூட்டரிலை நேராக்கிறது. அந்த இழைப்பையும் நேராக்கச் சொன்னவை. நான்தான் செய்யாமல் விட்டனான்."

"ஏன்?"

"மனம் வரேல்லை."

பிறகு கேட்டுவிட்டன். "அந்த இடத்தை எனக்கு ஒருக்காப் பாடு பிள்ளை. தனிய."

"பக்கத்திலை ஆக்கள் நிக்கினம் அம்மா."

"மெல்லமாப் பாடு."

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துப்பட்டது. அவள் தொண்டையைச் செருமினாள். நான் மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டன்.