கையெழுத்திடாத மலைகள்

செங்கம் சாலைக் காபிக் கடைகளில் தொங்கும் மலை ஓவியங்களுள் பாதிக்கு மேல் வினோதினி வரைந்தவை. நீல மலை, மேலே முழுநிலவு. வாரத்திற்கு நான்கு ஓவியங்களாவது விற்றுவிடும். அவற்றில் அவள் கையெழுத்திட்டதே இல்லை. வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மனுவோடு காத்திருக்கும் பெண்களையும் ஆறாண்டுகளாக வரைந்து வந்தாள். அவற்றில் மட்டுமே தன் பெயரை எழுதினாள். ஒன்றுகூட விலைபோகவில்லை.

ஆடி மாதத்தில், அவள் ஓவியங்களை விற்றுத்தரும் கடைக்காரர் சக்திவேல் பரபரப்புடன் வந்தார்.

"சென்னை கேலரியில நாப்பது மலை கேக்கறாங்கம்மா. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து வேணுமாம்."

"மனு படங்களைக் காட்டினீங்களா?"

"காட்டினேன். மலையைவிட இதுலதான் வேலைப்பாடு பிரமாதம்னு சொன்னாங்க. ஆனா ஹால்ல மாட்டினா, நம்மகிட்டயே மனு குடுக்க வந்து நிக்கற மாதிரி இருக்குமாம். சிரிக்கறாங்க."

மகளின் கல்லூரிச் செலவை எண்ணி அவள் ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசியில் நாற்பதாவது மலையிலும் பெயரெழுதி முடித்தபின், மனு ஓவியங்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். அதே பெயர், அதே சுழிப்பு. விற்பதற்கென்றே வரைந்தவளின் பெயர் அந்தப் பெண்களின் காலடியிலும் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. தூரிகையைச் சாம்பல் நிறத்தில் தோய்த்து, முதல் ஓவியத்திலிருந்த தன் பெயரை மூடினாள். மனம் ஆறவில்லை. அடுத்த ஓவியத்தை அருகே இழுத்தாள்.