ஆலோசகர் சாப்பிடாத ரொட்டி

கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்தும்போதே காரணமில்லாமல் அழுகை வர ஆரம்பித்த பிறகுதான், ஹட்டனில் இருந்த ஓர் உளவள ஆலோசகரிடம் போகத் தொடங்கினேன். என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண். புதன்கிழமைகளில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் பஸ் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பகல் சாப்பாட்டுக்கு நேரமிருக்காது. "பசியோட பேச வேணாம், கொண்டாந்து இங்கேயே சாப்பிடுங்க டீச்சர்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் கட்டிக்கொண்டு போனேன், இரண்டு பேருக்கும். எதிரே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க சாப்பிடுங்க டீச்சர். நான் சாப்பிட மாட்டேன்."

"ஒரு வாய்."

"இல்லீங்க, வேணாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில், கொடுத்ததை ஒருவர் தொடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மனசில் வைத்துப் புழுங்குகிற ஆளும் நானில்லை. "எங்க கையால சாப்பிட மாட்டீங்களோ?" என்று கேட்டே விட்டேன். இனி இங்கே வருவதில்லை என்றும் அந்த நிமிஷமே முடிவு செய்தேன். வராவிட்டால் மறுபடி கரும்பலகை, மறுபடி அழுகை. தெரிந்தேதான் முடிவு செய்தேன்.

அவர் முகம் கோணவில்லை.

"சாதி பாத்து இல்லீங்க டீச்சர். யார் கொண்டாந்தாலும் இந்த ரூமுல நான் சாப்பிடுறதில்ல. நான் சாப்பிட்டா நீங்க என்னைய கவனிக்க ஆரம்பிச்சிருவீங்க, இன்னொன்னு வைக்கவா, தண்ணி வேணுமான்னு. இங்க இருக்கிற ஒரு மணித்தியாலமாவது நீங்க யாரையும் கவனிக்க வேணாம்."

மாமியாருக்குப் போட்டு, பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் கட்டிக் கொடுத்து, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுகிறவள் என்பதை இவரிடம் நான் இன்னும் சொல்லவே இல்லையே! உட்கார்ந்து சாப்பிட்டேன். அவசரப்படுத்த ஆளில்லை. பாதி ரொட்டியில் பேச்சு தானாக வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் இந்த முறை எதற்கு அழுகிறேன் என்று தெரிந்திருந்தது. அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலையில் ஒருவருக்கு மட்டும் கட்டி மேசையில் வைத்தேன். வேலைக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் வழக்கம்போல அதை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

"அது எனக்குங்க" என்றேன்.

"அப்ப எனக்கு?"

"சட்டியில மாவு பெசஞ்சு வச்சிருக்கேன்."

என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.