உடம்போடு வந்த இடுப்புப் பட்டை

விஜிலா தன் வாழ்நாளில் மூன்று இடுப்புப் பட்டைகள் தைத்திருக்கிறாள். கெட்டியான காடாத் துணி, நான்கு விரல் அகலம், உட்பக்கம் இரண்டு அறைகள், அறைக்கு ஒரு ஜிப். முதல் பட்டை வியர்வையில் இற்றுப்போனது. இரண்டாவது புதைக்கப்பட்டது. மூன்றாவது இப்போது வளைகுடாவில் இருக்கிறது.

தருவைகுளத்துக்கும் ஆலந்தலைக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர் ஒன்றில் அவள் வீடு. ஊர்ப் பெயர் வேண்டாம். அவள் நண்டு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையைச் சிதையாமல் எடுத்து டப்பாவில் அடுக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அதே வேலை செய்ததில் விரல் நுனிகளில் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் அவளை விஜிலா என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

அவள் கணவன் ஜாய்சன் வளைகுடா நாடு ஒன்றில் கூலிக்கு மீன் பிடித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். விமானத்தில் ஒரு ரூபாயும் வீணாக்காதவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். நேராக வரும் விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டு விட்டுவிடும். அவனோ இரண்டு விமானம் மாறி, நடுவில் பதினோரு மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்து, பாதி விலைக்கு வந்து சேர்வான். பெட்டியை மீன் ஏலக் கூடத் தராசில் எடை போட்டு, வலை நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டுவான். முடிச்சு அவனுக்கு மட்டுமே வரும் முடிச்சு. யாராவது பிரித்திருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அதே தெருவில் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர்களிடம் மாலுமிப் புத்தகம் இருக்கிறது. அதைக் காட்டினால் பத்துக் கிலோ கூடுதலாக ஏற்ற விடுவார்கள். வருடத்தில் முந்நூறு நாள் கடலிலேயே கிடந்தாலும் ஜாய்சனுக்கு அந்தப் புத்தகம் கிடையாது. மீன் பிடிக்கிற கூலிக்காரன் மாலுமி ஆகமாட்டான் என்று எங்கோ உட்கார்ந்து யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவன் உப்புக் காற்றை முகர்ந்திருக்க மாட்டான். அந்தப் பத்துக் கிலோவை ஜாய்சன் உடம்பில் சுமந்து வந்தான். மூன்று சட்டை, இரண்டு பேண்ட், பைகள் நிறையப் பேரீச்சம்பழம்.

"என்ன, முட்டைக்கோசு மாதிரி வந்து நிக்கிறீய?" என்றாள் விஜிலா ஒருமுறை, திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில்.

"உரிச்சுப் பாரு. கடேசி இலை உனக்குள்ள சீலை."

சட்டைகளுக்கு அடியில் ஒரு பட்டுப் புடவையை வயிற்றில் சுற்றியிருந்தான்.

ஒருமுறை பெட்டி வந்து சேரவில்லை. இருபத்தெட்டுக் கிலோ. விமானக் கம்பெனிக்காரர்கள் பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். உள்ளே என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தெருவோரக் கடையில் வாங்கிய பொம்மைக்கும் போர்வைக்கும் எவன் பில் கொடுத்தான்? ஏழு மாதம் கழித்து வந்த இழப்பீடு ஒரு புதுப் பெட்டி வாங்கவும் போதவில்லை. அன்றைக்கு ஜாய்சன் தனக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டான்: விலையுள்ளது எதுவும் உடம்போடு இருக்க வேண்டும். அதன் பிறகுதான் விஜிலா முதல் பட்டையைத் தைத்தாள். அது இற்றுப்போனதும் இரண்டாவதை.

போன வருடத்துக்கு முந்திய வருடம், பிப்ரவரியில், ஜாய்சன் செத்துப்போனான். தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டதாகப் படகு முதலாளியின் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. வயது நாற்பத்து மூன்று. இயற்கை மரணம் என்பதால் நஷ்டஈடு கிடையாது. உடலை மட்டும் தங்கள் செலவில் அனுப்புவார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற தோரணையில் கடிதம் இருந்தது. உயிரோடு வந்தபோது இரண்டு கிலோ கூடுதலுக்காகக் கவுண்டரில் கெஞ்சியவன், இந்த முறை பெட்டியோடு சேர்த்து நூற்று நாற்பத்தாறு கிலோ. சரக்கு ரசீதில் உருப்படி எண்ணிக்கை ஒன்று என்று போட்டிருந்தது. துணி, செல்போன், இத்தனை வருட வாழ்க்கை எதுவும் கூட வரவில்லை.

பெட்டி ஊருக்கு வந்தபோது உச்சி வெயில். மூடியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: திறக்கக் கூடாது.

அந்த ஊரில் யார் செத்தாலும் வீட்டில் வைத்து முகம் காட்டாமல் எடுக்கமாட்டார்கள். விஜிலாவும் அதைத்தான் கேட்டாள்.

"மொகத்த மட்டும் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

ஊர்க் கமிட்டித் தலைவர் தேவபிரசாதம் முடியாது என்று தலையை ஆட்டினார். நாலு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். "ஏளா, சீலு வச்சி வந்திருக்கு. தொட்டா கேசாயிரும். ஊரு முழுக்கக் கோர்ட்டுக்கு அலையணுமா?"

அந்தக் காகிதத்தை ஒட்டியது யார், எந்தச் சட்டப்படி என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அச்சடித்த தாளைக் கண்டால் கைகட்டி நிற்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மூடியின் மேல் ஜாய்சனின் போட்டோவை வைத்து மாலை போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கல்லறைத் தோட்டத்து மணலுக்குள் இறக்கிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் ரெக்சன் கூப்பிட்டான். அடுத்த தெருப் பையன், வளைகுடாவில் ஜாய்சனோடு ஒரே அறையில் இருந்தவன். நாலு நாளாகக் கடலில் இருந்திருக்கிறான்.

"மதினி, பட்டைய எடுத்துட்டியளா?"

"எந்தப் பட்டை?"

"அண்ணன் இடுப்புல நாந்தானே கட்டிவிட்டேன்... மதினி? பெட்டியத் திறக்கலியா?"

ஜாய்சன் ஆறு வருடமாகச் சிறுகச் சிறுக வாங்கிய ஐந்து பவுன் தங்கம் அவர்கள் தங்கியிருந்த அறையில் இருந்தது. மகள் ஜெர்லினின் நர்சிங் படிப்புக்கு என்று வைத்திருந்தான். செத்தவனின் சாமான்களை எல்லாம் முதலாளி ஆபீசில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. அங்கே போனது எதுவும் திரும்பியதில்லை. விற்றுப் பணமாக அனுப்பியிருக்கலாமே என்று பிறகு ஊரே ரெக்சனைத் திட்டியது. மறுநாள் விடிந்ததும் படகு கிளம்ப வேண்டும். செத்தவனின் நகையை இவன் விற்கப் போனால் திருட்டுக் கேஸ். பாஸ்போர்ட்டோ முதலாளியின் பெட்டியில். உடலுக்குச் சட்டை போட்டுவிட அரை மணி நேரம் அனுமதி கிடைத்தபோது அவனுக்கு ஜாய்சனின் விதிதான் ஞாபகம் வந்தது. பட்டையில் தங்கத்தை வைத்து, செத்தவனின் இடுப்பிலேயே கட்டி, மேலே சட்டையை இறக்கிவிட்டான். வீட்டில் முகம் பார்க்கத் திறப்பார்கள், மதினி பட்டையைத் தொட்டதும் தெரிந்துகொள்வாள் என்று நம்பினான். போனில் சொல்லப் பயம். தங்கம் என்ற சொல் எங்கே யார் காதில் விழுமோ?

விஜிலா கமிட்டிக்குப் போனாள்.

"கல்லறையத் தோண்டுததா?" தேவபிரசாதம் எழுந்தே விட்டார். "அவன் ஆத்துமா உறங்கவேண்டாமா? நாலு காசுக்காகப் புருசனக் கிளப்பப் பாக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பள!"

அதே தோட்டத்தில், முந்திய வருடம், அவருடைய அப்பா கல்லறைக்குக் கருங்கல் மேடை கட்ட இடம் போதவில்லை என்று மூன்று ஏழைகளின் எலும்புகளை அள்ளி ஓரத்துக் குழியில் போட்டார்கள். எந்த ஆத்துமாவும் விழித்து வந்து புகார் சொன்னதாகத் தகவல் இல்லை. எலும்புக்கும்கூட ஆள் பார்த்துத்தான் மரியாதை. கடைசியில் கமிட்டி ஒரு விதியை எடுத்து நீட்டியது: அதே குடும்பத்தில் இன்னொருவர் இறந்தால், அவரை வைப்பதற்கு மட்டுமே குழியைத் திறக்கலாம்.

தாலுகா ஆபீசில் இன்னொரு சுவர் இருந்தது.

"தங்கத்துக்குக் கஸ்டம்ஸ் காகிதம் இருக்காம்மா?" என்றார் குமாஸ்தா.

"இல்ல சார்."

"அப்ப யாரு கொண்டு வந்தது?"

"எம் புருசன்."

"அவருதான் இறந்துட்டாரே!"

"ஆமா சார். செத்துத்தான் கொண்டு வந்தாரு."

குமாஸ்தா மனுவைத் திருப்பிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால் கடத்தல் வழக்கு உன் மேலேயே வரும், பேசாமல் போ என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் கொடுமை.

மூன்றாம் வருடக் கட்டணம் கட்டும்வரை ஜெர்லினுக்குத் தேர்வு எழுத அனுமதிச் சீட்டு கிடையாது என்றது கல்லூரி. அவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மறுவாரமே அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து நண்டு உடைத்தாள். முதல் நாளே இரண்டு விரலில் வெட்டு.

குடும்பத்தில் மீதி இருந்தவர் ஜாய்சனின் அப்பா மரியான். நெஞ்சுச் சளியால் ஒன்றரை வருடமாகப் படுக்கை. கமிட்டியின் விதி அவர் காதுக்கும் போயிற்று. கஞ்சி கொடுக்கும்போது மருமகளைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஏளா விஜி, என்ன கஞ்சியில ரெண்டு முட்டை? நான் பொழச்சிட்டா உனக்குத்தான் நட்டம்."

"வாய மூடிட்டுக் குடிங்க மாமா."

"பிள்ளைக்குப் பரீட்சை எப்ப? அதுக்குள்ள போயிரலாம்னுதான் பாக்கேன். இந்த எழவு மூச்சு நிக்கமாட்டேங்குது."

விஜிலா அன்று தெருக்கோடி வரை நடந்து போய் அழுதாள். ஒரு மனிதன் தன் சாவைப் பேத்தியின் கல்விக் கட்டணமாக எண்ணிக்கொள்ளும்படி வைத்த விதியைப் புனிதம் என்று சொல்ல யாருக்கும் வாய் கூசவில்லை. அவள் தொடர்ந்து இரண்டு முட்டை போட்டாள். இருமலுக்கு ஊசி போடத் திருச்செந்தூருக்கு ஆட்டோவில் அழைத்துப் போனாள். மரியான் பரீட்சை முடிந்து எட்டு மாதம் கழித்தே செத்தார்.

குழியைத் திறந்தார்கள். மரப்பெட்டி உப்பி வெடித்திருந்தது. உள்ளே தகரப் பெட்டி அப்படியே இருந்தது. விஜிலா முந்தானையிலிருந்து தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தாள். குழி வெட்டுகிறவர் பின்வாங்கினார். பாதிரியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே இறங்கி வெட்டினாள். நண்டு ஓட்டை உடைத்துப் பழகிய கை.

மருந்து நெடி மூக்கை அறுத்தது. முதலில் முகம் தெரிந்தது. கறுத்து ஒட்டியிருந்தாலும் ஜாய்சன்தான். இடது நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் வரை ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போட்டிருந்தது. அடியில் மண்டை உள்வாங்கியிருந்தது.

இதயம் நின்று செத்தவனுக்கு மண்டையில் தையல் எதற்கு?

அவள் நிமிர்ந்தாள். மேலே நின்ற ஜெர்லினிடம், "போட்டோ எடு. கை நடுங்காம எடு" என்றாள். பிறகு சட்டைக்குள் கைவிட்டுப் பட்டையை அவிழ்த்தாள். துணி நைந்திருந்தது. தங்கம் அப்படியே இருந்தது.

மேலே ஏறியதும் தேவபிரசாதம் பக்கத்தில் வந்தார். "கோயில் மண்ணுல கெடந்த பொருள். கோயிலுக்கும் ஏதாச்சும் செய்வியல்லா?"

"என்ன அண்ணாச்சி, ஆத்துமா முழிச்சிட்டா?" என்றாள் விஜிலா.

புகைப்படத்தை வைத்து வெளியுறவுத் துறைக்கும் தூதரகத்துக்கும் கலெக்டருக்கும் மனு அனுப்பினாள். மனு பெறப்பட்டது என்று மட்டும் பதில் வந்தது. ரெக்சன் முதலில் எதுவும் தெரியாது என்றான். இரண்டாம் முறை கேட்டபோது, "மதினி, என் பாஸ்போர்ட்டு அவன்கிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். மண்டை உடைந்து செத்தான் என்றால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும்; அந்தத் தையலை மறைக்கத்தான் திறக்கக் கூடாது என்ற காகிதம் வந்தது. சட்டம் என்று நினைத்து ஊர் கைகட்டி நின்றது ஒரு கொலைகாரக் கஞ்சத்தனத்தின் முன்னால்.

கல்லூரி ஜெர்லினைத் திரும்பச் சேர்க்கவில்லை. இடைவெளி அதிகமாம். படிப்பாக வேண்டிய தங்கம், ஏஜெண்டுக்கும் டிக்கெட்டுக்கும் போனது. வளைகுடாவில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையான மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

கிளம்புவதற்கு முந்திய நாள் விஜிலா மகளின் பெட்டியை நண்டுத் தராசில் எடை போட்டாள். ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்தாள். பட்டியல் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றைப் பெட்டிக்குள்ளும் ஒன்றை வீட்டிலும் வைத்தாள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் நகல். மூன்றாவது பட்டையை மகளின் இடுப்பில் தானே கட்டிவிட்டாள்.

"இறுக்குதும்மா."

"இறுக்கட்டும்."

விமான நிலைய வாசலில் ஜெர்லின் மூன்று சுடிதார் போட்டு நின்றாள். முட்டைக்கோசு என்று அம்மா சொல்வாள் என எதிர்பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். விஜிலா சிரிக்கவில்லை.

"ஏளா, அங்கன போன மொத நாளே அந்த வீட்டு ஆளுககிட்ட ஒண்ணு சொல்லிரு. கூட வேலை பாக்குற பிள்ளைககிட்டயும் சொல்லிரு."

"என்னன்னும்மா?"

"எங்க வீட்டுக்கு எந்தப் பெட்டி வந்தாலும், மேல என்ன எழுதி ஒட்டியிருந்தாலும், எங்கம்மா திறந்து பாப்பான்னு."