பல்லவி முடிவில் ஒரு கீச்

மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒலிநாடாவின் முதுகில் ஒரு கோடு. பிளேடு சாய்வாக இறங்கியது. பாட்டுக்கு முன்னால் இருந்த இருமல் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டாகி விழுந்தது. முனைகளைச் சேர்த்து வெள்ளைப் பட்டையை ஒட்டிக் கட்டைவிரல் நகத்தால் மூன்று தடவை தேய்த்தன அந்தக் கைகள். இரண்டு தடவை போதும் என்பார்கள். ஈனிட் டிரான்டருக்கு மூன்று.

கில்பர்ன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரைச்சீலை தைக்க வந்தவள் அவள். வந்த இடத்தில் வெட்டுவதைப் பார்த்தாள், கற்றுக்கொண்டாள், பதினொரு வருடமாக வெட்டுகிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டின் அட்மிரல்ஸ் இசைக்குழுவின் மூவரும் மூன்று மூலையில் இருந்தார்கள். 1969-இல் லண்டன் முழுக்க அவர்கள் பாட்டுதான். ஆனால் பாடகன் ரட்கினும் கிட்டார்காரன் யெலாண்டும் பேசி ஒன்பது நாளாயிற்று. எது சொல்வதானாலும் டிரம்ஸ் வாசிக்கும் மாஸ் வழியாகத்தான். அந்த ஒன்பது நாளில் ஒரே ஒரு பாட்டு, நேற்று, கடைசிவரை உருப்படியாக வந்திருந்தது. ஆறு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து வாங்கிப் போவான். கொடுக்காவிட்டால் குழு கலைந்த மாதிரிதான்.

அந்தப் பாட்டில், முதல் பல்லவி முடிகிற இடத்தில், ஒரு கீச்.

“மாஸ், அது துரையோட புது பூட்ஸுன்னு துரைகிட்ட சொல்லு,” என்றான் யெலாண்ட்.

“அது அவன் நாற்காலின்னு அவன்கிட்ட சொல்லு,” என்றான் ரட்கின். “ அவன் திங்கிற பன்னுக்கு அது கதறாம என்ன செய்யும்?”

“நான் என்னடா தபால்காரனா? ஸ்டாம்ப் ஒட்டிக் குடுங்க!”

“இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னா கிட்டாரை தேம்ஸ்ல போட்டுட்டுப் போயிருவேன். இதையும் சொல்லு.”

கீச்சை வெட்டினால் ரட்கினின் குரல் தேய்கிற வாலும் கூடவே போனது. வேறு பல்லவியிலிருந்து எடுத்து ஒட்டலாமென்றால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக முடித்திருந்தான். ஈனிட் பதிவுத் தாளைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நேத்து ஆரம்பிச்சது மூணு அம்பத்தெட்டு,” என்றாள். “கோவிச்சுக்கிட்டுப் போய்த் திரும்பி வந்தீங்களே, கதவைச் சரியா சாத்துனது யாரு?”

மூவரும் ஆளுக்கொருவரைக் கைகாட்டினார்கள்.

நான்கு மணி. நடைவழியில் கீச்.

பதிவு நடக்கிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தால் முதலாளியே வாசலில் நிற்பார். நாலு மணித் தேநீரை நிறுத்த வேண்டும் என்று மட்டும் அந்தக் கட்டடத்தில் எவருக்கும் தோன்றியதில்லை.

“என்ன கண்ணுங்களா, எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?” கீச்சிடும் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் மிஸஸ் பார்ஜிட்டர்.

மாஸ் தரையில் உருண்டு சிரித்தான்.

“நாடாவுல இன்னும் ஒரு தடம் பதியாம காலியா இருக்கு,” என்றாள் ஈனிட். “ஒரு தடவை கேட்டாத்தான் பிழை. மூணு பல்லவியிலும் கேட்டா அதுவும் ஒரு வாத்தியம்.”

தேநீரை இறக்கிவிட்டு வண்டியை மைக் முன்னால் உருட்டினார்கள். சத்தமே இல்லை.

“பாரம் வேணும். நேத்து முப்பது கோப்பையும் மேல இருந்துச்சு,” என்றாள் மிஸஸ் பார்ஜிட்டர்.

ரட்கின் கொப்பரையில் தண்ணீர் நிரப்பினான். யெலாண்ட் கோப்பைகளை அடுக்கினான்.

“யெலாண்ட், அந்த சாசரை இப்படித் தள்ளு,” என்றான் ரட்கின்.

யெலாண்ட் தள்ளினான்.

“அய்யோ, என் தபால் வேலை போச்சே!” என்று அலறினான் மாஸ்.

வண்டியை முதலில் தள்ளியதும் அவன்தான். முந்திக்கொண்டு வந்தது கீச்.

“நகரு அந்தப் பக்கம்! இருபது வருஷமா தள்றேன். எனக்குத் தாளம் காட்ட வந்துட்டாரு!” மிஸஸ் பார்ஜிட்டர் கைப்பிடியைப் பிடித்தாள். கீச் தாளத்தில் விழுந்தது. ரட்கின் தொப்பியைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான், முடியாமல் வெடித்தான். மறுபடி. அடுத்ததில் யெலாண்ட். மறுபடி.

ஆறாவது தடவை, “போதும், பிரமாதம்!” என்றார்கள் மூவரும்.

“மூணாவது கீச் ஒரு மயிரிழை பிந்துது,” என்றாள் ஈனிட். “மறுபடி.”

ஏழாவது சரியாக விழுந்தது. எல்லாத் தடங்களையும் ஒரே நாடாவில் கலந்து முடித்தபோது ஆறாக எட்டு நிமிடம். அதன் தொடக்கத்தில் வெற்று வெள்ளை நாடாவை வைத்து ஒட்டினாள்.

“ரெண்டு போதும், ஈனிட்!” என்று கெஞ்சினான் ரட்கின்.

மூன்று தடவை தேய்த்தாள்.

பெட்டியின் மேல் வாசித்தவர்கள் பெயரை எழுதினாள்: ரட்கின், யெலாண்ட், மாஸ். யெலாண்ட் பேனாவை வாங்கி அடியில் சேர்த்தான்: தேநீர் வண்டி, மிஸஸ் பார்ஜிட்டர்.

மழைக்கோட்டு சொட்டச் சொட்டக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள்காரன் வாசலில் நின்றான்.

“நனையாமக் கொண்டு போங்க,” என்று சொல்லி, ஈனிட் பெட்டியை அவன் கையில் வைத்தாள்.